வீரர் சுருண்டு விழுந்தால் முதலில் ஓடுவது யார்? அமெரிக்காவின் 'அத்லெடிக் ட்ரெய்னர்' படிப்புக்குக் கல்லூரியிலேயே தயாராவது எப்படி?

2023, ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர மைதானம். பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் இடையே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. ஆட்டத்தின் முதல் கால் பகுதிகூட முடியவில்லை. பந்தோடு ஓடிவந்த எதிரணி வீரரை பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் மறித்துப் பிடிக்கிறார். இருவரும் கீழே விழுகிறார்கள். ஹாம்லின் எழுந்து நிற்கிறார். அடுத்த நொடி, வெட்டிய மரம்போல மல்லாந்து சாய்கிறார்.

வயது 24. எலும்பு முறியவில்லை, ரத்தம் சிந்தவில்லை. இதயம் நின்றுபோயிருந்தது.

மார்பில் விழும் பலமான இடி, இதயத் துடிப்பின் மிகக் குறுகிய ஒரு கணத்தில் சரியாக வந்து பட்டால், துடிப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். 'கொமோஷியோ கார்டிஸ்' என்று இதற்குப் பெயர். மிக அரிதாக நடப்பது. ஆனால் நடந்துவிட்டால், மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து சதவிகிதம் வரை தின்றுவிடும். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்க முடியாது.

அன்று மைதானத்திலேயே ஹாம்லினின் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர் கொடுத்தவர் டென்னி கெலிங்டன். அவர் டாக்டர் இல்லை. பில்ஸ் அணியின் உதவி அத்லெடிக் ட்ரெய்னர். ஒன்பது நாள் கழித்து ஹாம்லின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் லீக் ஆட்டத்தில் இறங்கினார். இடையில் ஜூலை மாதம், பில்ஸ் அணியின் ட்ரெய்னர் குழுவுக்கு ஒரு விருது விழாவில் சேவைக்கான பரிசை வழங்கியவரும் ஹாம்லின்தான். பேச முடியாமல் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுத காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் அமெரிக்காவிலேயே பலர் கேட்டார்கள்: இந்த அத்லெடிக் ட்ரெய்னர் என்பவர் யார்? என்ன படித்தால் அந்த இடத்தில் நிற்கலாம்?

ஜிம் ட்ரெய்னர் இல்லை... பிசியோவும் இல்லை!

நியூ ஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகள் வந்து, "அம்மா, நான் அத்லெடிக் ட்ரெய்னர் படிக்கப்போறேன்" என்று சொன்னால், "ஜிம்ல டம்பிள்ஸ் தூக்கச் சொல்லிக் குடுக்கறதுக்கா உன்னைக் காலேஜ்ல சேர்த்தோம்?" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கப் பெற்றோர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். அந்தப் பெயர் செய்யும் குழப்பம் அது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். பேட்ஸ்மேனின் ஹெல்மெட்டில் பந்து பட்டதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுபவரை 'பிசியோ' என்கிறோம். வீரர்களின் உடல் வலுவைக் கவனிப்பவர் 'ட்ரெய்னர்'. அமெரிக்காவிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்தான் அத்லெடிக் ட்ரெய்னர். உடல் வலுவைப் பார்ப்பவர் வேறு ஆள். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் பிசிக்கல் தெரபிஸ்ட் இன்னொரு ஆள்.

அடிபடாமல் தடுப்பது, அடிபட்டதும் அந்த இடத்திலேயே என்ன ஆயிற்று என்று கணிப்பது, உயிருக்கு ஆபத்தென்றால் உடனே செயல்படுவது, பிறகு வீரரை மீண்டும் ஆடும் நிலைக்குக் கொண்டுவருவது என்று எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. பள்ளி, கல்லூரி, தொழில்முறை அணிகள் தவிர, ராணுவத்திலும் நடனக் குழுக்களிலும் தொழிற்சாலைகளிலும்கூட இவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

சீனியர் சொன்ன வழி மூடிவிட்டது

இந்தத் தொழிலுக்கு வரும் பாதை ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஏதாவது ஒரு டிகிரி படித்துக்கொண்டே, கல்லூரி அணியின் ட்ரெய்னரிடம் 1,500 மணி நேரம் எடுபிடியாக நின்று தொழில் கற்றுக்கொண்டு தேர்வு எழுதலாம். அந்தக் கதவு 2004-ல் மூடப்பட்டது. அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் படிப்பு கட்டாயமானது. நான்கு வருடம் படித்துவிட்டு நேராகத் தேர்வு எழுதி வேலைக்குப் போனார்கள்.

2015-ல் இத்துறையின் அமைப்புகள் சேர்ந்து இன்னொரு முடிவெடுத்தன: இனி நுழைவுத் தகுதியே முதுகலைப் பட்டம்தான். இளங்கலைப் படிப்புகளுக்குக் கெடு கொடுக்கப்பட்டது. 2022 இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவற்றில் புதிய மாணவர்களைச் சேர்க்க முடியாது. ஆக, இன்று ஒருவர் அத்லெடிக் ட்ரெய்னர் ஆக வேண்டுமானால் முதலில் ஓர் இளங்கலைப் பட்டம், அதன் பிறகு சுமார் இரண்டு ஆண்டு முதுகலை. படிப்பு முடியும் தறுவாயில் 'போர்டு ஆஃப் சர்டிஃபிகேஷன்' நடத்தும் தேர்வு. நான்கு மணி நேரம், 175 கேள்விகள். அதற்கு மேல், பெரும்பாலான மாநிலங்களில் உரிமம்.

பத்து வருடத்துக்கு முன் படித்த அண்ணனோ, பள்ளியில் பார்த்த ட்ரெய்னரோ சொல்லும் வழி பல நேரம் இன்று செல்லாது. "காலேஜ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிடு. அப்புறம் ஒரு யுனிவர்சிட்டில அசிஸ்டென்டா வேலை பார்த்துக்கிட்டே ஃபீஸ் இல்லாம மாஸ்டர்ஸ் படிச்சுக்கலாம்" என்பது அந்தக் காலத்தில் மிக நல்ல யோசனை. இப்போது மாஸ்டர்ஸ் முடித்த பிறகுதான் சர்டிஃபிகேட்டே. அந்தப் பழைய கணக்கை நம்பிச் செலவைத் திட்டமிட்டவர்கள் தடுமாறுகிறார்கள்.

அதனால்தான் இளங்கலை நாள்கள் இங்கே இவ்வளவு முக்கியம். மூன்றாம் ஆண்டின் முடிவில் யோசிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் ஓர் ஆண்டு வீணாகும்.

ஆறு பாடங்கள்

இளங்கலையில் என்ன படிக்க வேண்டும் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. பெரும்பாலானோர் உடற்பயிற்சி அறிவியலோ, உடல் இயக்கவியலான கினிஸியாலஜியோ எடுக்கிறார்கள். ஆனால் வரலாறு படித்தவரும் இசை படித்தவரும்கூட விண்ணப்பிக்கலாம். ஆறு பாடங்களை மட்டும் கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் என்பவை அவை. முதுகலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் 'சி.ஏ.ஏ.டி.இ' என்ற அமைப்பின் விதி இது. இதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்குக்குச் சத்துணவியல், புள்ளியியல், உடற்பயிற்சி உடலியங்கியல், மருத்துவச் சொற்கள் என்று ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளும். பல இடங்களில் ஆய்வக வகுப்போடு படித்திருக்க வேண்டும். சில இடங்களில் படித்து இத்தனை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கினிஸியாலஜி பட்டம் என்றால் எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்ற நினைப்பு. உடற்கூறியல் வரும். பல கல்லூரிகளில் வேதியியலும் இயற்பியலும் அந்தப் பட்டத்துக்குக் கட்டாயமாக இருக்காது. நான்காம் ஆண்டில் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் இயற்பியல் இல்லை என்பது தெரியும். அப்புறம் கோடை விடுமுறையில், கைக்காசைக் கட்டி, அவசர அவசரமாக ஒரு வகுப்பு. முதல் ஆண்டிலேயே விருப்பமான நான்கைந்து பல்கலைக்கழகங்களின் பட்டியலை எடுத்து, தன் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. கல்லூரியின் கல்வி ஆலோசகரிடம் விட்டுவிட்டால் நடந்துவிடும் என்று நம்புவது ஆபத்து. பட்டம் வாங்க என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு துறைக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

'முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறவருக்கு எதற்கு வேதியியல்?' என்று தோன்றலாம். நீண்ட தூர ஓட்டக்காரர் ஒருவர் தலைசுற்றி, குழம்பிய பேச்சோடு உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவர்கள் எல்லாரும் "தண்ணி குடு, தண்ணி குடு" என்பார்கள். அவர் வழியெல்லாம் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் அளவு இறங்கிப்போனவராக இருந்தால்? மேலும் தண்ணீர் கொடுப்பது அவரைக் கொல்லக்கூடும். வெயிலில் வாடியவரையும் சோடியம் குறைந்தவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

உயிரியலும் அப்படித்தான். 2006-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஒருவர் பயிற்சியில் சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்தார். அரிவாள் வடிவ ரத்த அணு மரபணு ஒன்று அவர் உடலில் இருந்திருக்கிறது. சாதாரண வாழ்க்கையில் அது பெரும்பாலும் தொந்தரவே தராது. உடலை எல்லை வரை விரட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு, 2010-ல், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ அமைப்பு தன் முதல் பிரிவு வீரர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை விதியாக்கியது. மரபணுப் பாடத்தில் 'பாஸானால் போதும்' என்று உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

உளவியல்? அது தினமும் வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு "ஐ யம் ஃபைன்" என்று சொல்லும் பையனிடமிருந்து உண்மையை வாங்குவது சாதாரண வித்தையா?

கை கட்டிப் பார்க்கும் மணி நேரங்கள்

பாடங்களுக்கு அடுத்தது நேரடி அனுபவம். பல பல்கலைக்கழகங்கள் சான்றிதழ் பெற்ற ஓர் அத்லெடிக் ட்ரெய்னருடன் இருந்து 50 முதல் 100 மணி நேரம் வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சில கேட்பதே இல்லை. கேட்காத இடத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களும் இதைச் செய்துவிடுவது நல்லது. விண்ணப்பத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தையும் பெரும் தொகையையும் போடுவதற்கு முன், இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

நான்கு மணிக்குப் பயிற்சி என்றால் ட்ரெய்னர் அறை பகலிலேயே திறந்துவிடும். கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொள்ள வரிசை நிற்கும். ஒன்றரை அங்குல வெள்ளை டேப்பைச் சுருக்கம் விழாமல், ரத்த ஓட்டம் நிற்காமல், ஓடும்போது அவிழாமல் சுற்ற வேண்டும். அனுபவசாலி பேசிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். பேச்சு சும்மா இல்லை. நேற்று தூங்கினாயா, மாத்திரை போட்டாயா, ஏன் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாய் என்று அந்த நிமிடங்களில்தான் பாதி நோயறிதல் நடக்கும். பிறகு தண்ணீர்க் குடுவைகள், ஐஸ், அவசர உதவிப் பை, ஏ.இ.டி கருவி எல்லாம் வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போகும். அங்கே இரண்டரை மணி நேரம் நின்றபடி பார்வை. எதுவும் நடக்காது. அப்படி எதுவும் நடக்காத நாள்தான் நல்ல நாள். பயிற்சி முடிந்தபின் மறுபடி ஐஸ், சிகிச்சை. எல்லாரும் போன பிறகு ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத வேண்டும். வீட்டுக்குப் போகும்போது இரவு எட்டு, ஒன்பது. சனிக்கிழமை ஆட்டம். வெளியூர் ஆட்டமென்றால் ஞாயிறு அதிகாலை பஸ்ஸில்.

பார்க்க வரும் மாணவருக்கு வீரர்களைத் தொடும் அதிகாரம் இல்லை. காயத்தைக் கணிக்கவோ சிகிச்சை கொடுக்கவோ கூடாது. தண்ணீர் நிரப்பலாம், மேஜை துடைக்கலாம், டேப்பை அடுக்கலாம். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர் இரண்டாவது வாரமே வருவதை நிறுத்திவிடுவார். அதுவும் ஒரு விடைதான். இன்னொன்று, செல்போன் பையிலேயே இருக்கட்டும். யாருக்கு எங்கே வலி என்பது அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. நட்சத்திர வீரரோடு எடுத்த ஒரு செல்ஃபி, பின்னணியில் ஐஸ் கட்டிய முழங்காலோடு இணையத்துக்குப் போனால், அந்த மாணவரின் கதை அங்கேயே முடிந்தது.

ஒரே இடத்தில் நூறு மணி நேரம் நிற்பதைவிட, இடம் மாற்றிப் பார்ப்பது பலன் தரும். பெரிய கல்லூரியில் ஓர் அணிக்கே இரண்டு மூன்று ட்ரெய்னர்கள் இருப்பார்கள். உயர்நிலைப் பள்ளியிலோ முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஒருவர் அல்லாடுவார். பல பள்ளிகளில் அந்த ஒருவரும் கிடையாது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு அத்லெடிக் ட்ரெய்னரின் சேவையே இல்லை. வேலை எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர்

பார்க்கப் போகும் மாணவர் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், வெயில் காலத்தில் முதலில் தேட வேண்டியது ஒரு தொட்டியை.

2018, மே 29. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிப் பயிற்சி. 19 வயது ஜோர்டன் மெக்நேர், 110 கஜ தூர ஓட்டங்களை மீண்டும் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தபோது தளர்ந்துபோனார். உடல் வெப்பநிலை தாறுமாறாக ஏறும் வெப்ப மயக்கம் அது. அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 13-ல் அவர் இறந்தார். பல்கலைக்கழகம் அமர்த்திய வெளி விசாரணை, உடல் வெப்பநிலையை அளக்கவில்லை, ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை என்று எழுதியது. தவறுகளுக்குச் சட்டப்படியும் தார்மிகமாகவும் பொறுப்பேற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் அறிவித்தார்.

இதில் மனதை அறுக்கும் விஷயம், என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்ததுதான். 2001 ஆகஸ்டில் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்டிரிங்கர் இதே வெப்ப மயக்கத்தில் இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஓர் ஆய்வு மையமே தொடங்கப்பட்டது. முறை எளியதுதான். ஓடிக்கொண்டிருந்தவர் குழப்பமாகப் பேசி விழுந்தால், மலக்குடல் வழியாக வெப்பநிலையை அளக்க வேண்டும். வாயிலும் காதிலும் நெற்றியிலும் வைக்கும் கருவிகள் அந்த நேரத்தில் குறைத்துக் காட்டி ஏமாற்றும். 105 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியோ தாண்டியோ இருந்தால், கழுத்துவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 102-க்கு இறங்கிவிட வேண்டும். முதலில் குளிரவைக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். இதை நேரத்தோடு சரியாகச் செய்த இடங்களில் உயிர்கள் பிழைத்திருக்கின்றன.

பார்க்கப் போகும் மாணவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொட்டி எங்கே இருக்கிறது? ஐஸ் போதுமா? ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி வைத்திருக்கிறார்களா? அளவு மீறினால் பயிற்சியை நிறுத்தச் சொல்வது யார், பயிற்சியாளர் அதைக் கேட்கிறாரா? கடைசிக் கேள்வி முக்கியம். பயிற்சியாளர் குரலை உயர்த்தும்போது, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குகூட வாங்காத ஒருவர், "முடியாது, அவன் இன்னிக்கு ஆட மாட்டான்" என்று சொல்ல வேண்டியிருக்கும். என்.சி.ஏ.ஏ-வின் ஐந்து பெரிய லீக்குகள் 2016-ல் ஒரு விதியே போட்டன. மருத்துவக் காரணத்தால் டாக்டரும் ட்ரெய்னரும் எடுக்கும் முடிவைப் பயிற்சியாளர் மாற்ற முடியாது. விதி எழுத்தில் இருக்கிறது. அதை மைதானத்தில் வாயால் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த 'முடியாது'வை ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க இந்த மணி நேரங்களில்தான் வாய்ப்பு.

காசு கணக்கு

வீட்டில் மறைக்காமல் பேச வேண்டிய விஷயம் இது. 2023-ல் அமெரிக்க அத்லெடிக் ட்ரெய்னர்களின் நடு நிலை ஆண்டுச் சம்பளம் 58,000 டாலரை ஒட்டி இருந்தது. அதே ஆண்டில் பிசிக்கல் தெரபிஸ்டுகளுக்கு அது ஒரு லட்சம் டாலரை ஒட்டி. அவர்கள் பட்டத்துக்கு மேல் சுமார் மூன்று ஆண்டு படிக்கிறார்கள், இவர்கள் இரண்டு. நேரங்கெட்ட நேர வேலை இவர்களுக்குத்தான் அதிகம். கடன் வாங்கி, விலை உயர்ந்த தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், அந்தச் சம்பளத்தில் கடனைக் கட்டுவது வருடக்கணக்கில் இழுக்கும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. சில பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டு இளங்கலைப் பாடங்களை முடித்துவிட்டு, நான்காம் ஆண்டிலேயே முதுகலைக்குள் நுழையலாம். அந்த ஓர் ஆண்டு இரண்டு பட்டத்துக்கும் கணக்கு. மொத்தம் ஐந்தே ஆண்டு. ஆனால் அதற்கு அந்த ஆறு பாடங்களும் மூன்றாம் ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் கஷ்டம்.

இரண்டு துறைக்கும் முன்பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. அதனால் இரண்டாம் ஆண்டு முடியும்வரை முடிவைத் தள்ளிப்போட்டாலும் நஷ்டமில்லை. சில மணி நேரம் கிளினிக்கில், சில மணி நேரம் மைதானத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

விண்ணப்பம் போடும்போது...

பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு 'அட்காஸ்' என்ற பொது விண்ணப்பத் தளம் இருக்கிறது. சேர வேண்டிய ஆண்டுக்கு முந்தைய கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பல இடங்களில் இடம் நிரம்ப நிரம்பச் சேர்க்கை நடப்பதால், கடைசித் தேதி வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும். பள்ளியில் இருந்தபோது பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒற்றை வகுப்பு உட்பட! திரும்பப் படித்துத் தேறிய பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். குறைந்தபட்ச சராசரியாக நான்குக்கு 2.75 அல்லது 3.0 கேட்பது வழக்கம். ஜி.ஆர்.இ தேர்வைப் பெரும்பாலானவை இப்போது கேட்பதில்லை.

பரிந்துரைக் கடிதத்தில் ஒன்று, பக்கத்தில் இருந்து பார்த்த ட்ரெய்னருடையதாக இருந்தால் எடை கூடும். ஆர்வக் கட்டுரையில் 'எனக்குப் பதினாறு வயதில் முழங்கால் தசைநார் கிழிந்தது, அப்போது என் ட்ரெய்னர்...' என்று தொடங்காமல் இருப்பது உத்தமம். தேர்வுக் குழுவினர் அந்தக் கதையைக் கணக்கில்லாமல் படித்துச் சலித்திருப்பார்கள். அடிபட்டவராக இருந்த அனுபவம் ஒன்று. அடிபட்டவர் பக்கத்தில் நிற்பது வேறு. மைதான ஓரத்தில் நின்றபோது எதைப் பார்த்து இதில் இறங்கத் தோன்றியது என்று எழுதுபவரை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே தவறாமல் வரும் கேள்வி: "ஏன் பிசிக்கல் தெரபி இல்லை?"

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு நேரடி வழி இருக்கிறது. முதல் முயற்சியிலேயே எத்தனை சதவிகிதம் மாணவர்கள் சான்றிதழ்த் தேர்வில் தேறினார்கள் என்பதை ஒவ்வொரு படிப்பும் பொதுவில் வெளியிட வேண்டும். மூன்று ஆண்டுச் சராசரி 70 சதவிகிதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. விளம்பரப் படத்தில் தெரியும் ஸ்டேடியத்தைவிட இந்த எண் உண்மை பேசும்.

சென்னையிலோ கோவையிலோ பி.பி.டி முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கினிஸியாலஜி, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், எக்சர்சைஸ் சயின்ஸ் என்ற பெயர்களில் உள்ள எம்.எஸ் படிப்புகள் வேறு. அவற்றைப் படித்தால் அத்லெடிக் ட்ரெய்னர் தேர்வை எழுத முடியாது. சி.ஏ.ஏ.டி.இ அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஏஜென்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, அந்த அமைப்பின் பட்டியலிலேயே பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பது பாதுகாப்பு. பிறகு வந்து இந்தியாவில் வேலை பார்க்கும் எண்ணமிருந்தால், இங்கே அந்தப் பெயரில் பணியிடங்கள் அரிது, பிசியோ என்ற பெயரில்தான் வேலை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்தால் உடனே தடுப்பூசிப் பட்டியல், பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவப் பணியாளர்களுக்கான சி.பி.ஆர் சான்றிதழ் என்று கேட்பார்கள். பல படிப்புகள் செப்டம்பர்வரை காத்திருப்பதில்லை. மே, ஜூனிலேயே தொடங்கி, அவசர சிகிச்சையை முதலில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். காரணம், ஆகஸ்டில் கால்பந்துப் பயிற்சி முகாம் தொடங்கிவிடும். வருடத்தின் மிக வெக்கையான நாள்கள் அவை. புதிய மாணவர் விடிவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து, நீலத் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டிகளைப் பக்கத்தில் இழுத்து வைத்து, துண்டையும் வெப்பமானியையும் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான நாள்களில் அந்தத் தொட்டியில் யாரும் இறங்குவதில்லை. மாலையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி நிரப்ப வேண்டும்.